அந்தக் கரகரப்பு

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சுத்தப் பொய். சத்தம் தாராளமாக வெளியே போகும். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். ஆனால் நாமக்கல்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? எங்கள் பக்கம் ஒரு கோடையில் தண்ணீர் கிடைக்காமல் போகலாம், முட்டை அட்டை கிடைக்காமல் போகாது. வேறு ஊர்க்காரன் ஸ்டுடியோ போட்டிருந்தால் கடையில் விசாரித்திருப்பான். நான் பண்ணைக்குப் பின்பக்கம் போய் அள்ளிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் உட்காருங்கள். என்னை உட்காரச் சொல்லாதீர்கள். சில நாட்களாக ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிடுகிறேன். நடந்துகொண்டே சொல்கிறேன், கேமராவை அதற்குத் தோதாகத் திருப்பிக்கொள்ளுங்கள். 'தீவனம்' ஆல்பத்தைப் பற்றிப் படம் எடுக்க உங்களுக்கு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். வளவன் குரலில் அந்தக் கரகரப்பு எப்படி வந்தது, எந்த மைக், எந்த சாஃப்ட்வேர். ஏதோ சிரித்து மழுப்பி அனுப்பிவைப்பேன். இன்று மழுப்புகிற மனநிலையில் இல்லை.

வளவன் எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவன். மோகனூர் சாலையில் நீங்கள் பார்த்துக்கொண்டு வந்த கோழி ஷெட்டுகள், அதை ஒட்டிய தீவன மில், எல்லாம் என் அப்பா சுப்பையனுடையவை. வளவனின் அம்மா ராசாத்தி ஷெட்டு கூட்டுவார். வளவன் மில்லில் மூட்டை ஏற்றுவான். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் அரைபடுகிற இடம் அது. உள்ளே போய் வந்தால் புருவம்கூட மஞ்சளாகிவிடும். அவன் அங்கே லாரியின் பின்கதவைத் தட்டித் தட்டி ராப் பாடுவான். லோடுமேன்கள் மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டே நின்று கேட்பார்கள்.

நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் வந்தவன். உண்மையைச் சொன்னால், பாட வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தான். சொந்தமாக எழுதி, பாடி, பலருக்கும் அனுப்பியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் பீட் அருமையாக இருக்கிறது என்றார்கள். குரலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. புரிந்த பிறகு வருத்தம் ஒன்றும் இல்லை. பாட ஒருவன், ஒலியைக் கட்ட ஒருவன் என்று இருப்பதுதானே முறை.

பண்ணையின் பழைய மருந்து அறையைக் காலி செய்து கொடுத்தார் அப்பா. சந்தைக்குப் போய்த் திரும்பி வந்த பழைய அட்டைகள் பின்பக்கம் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கோழிகளுக்கு நோய் வரும், பண்ணைக்குள் வைக்காதீர்கள், எரித்துவிடுங்கள் என்று கால்நடை மருத்துவர் எச்சரித்திருந்தார். உடைந்த முட்டை காய்ந்து, இறகும் எச்சமும் ஒட்டிப் பொருக்காகிப் போனவை. கோழிக்குத்தானே ஆகாது, மனிதனுக்கு என்ன என்று நினைத்தேன். அதுவரை நான் செய்தது அறியாமல் செய்த தப்பு. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சில நாட்கள் வளவன் தெளிவாகப் பாடினான். நல்ல பையனின் குரல். பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிற குரல். அப்புறம் மெல்ல இருமல் தொடங்கியது, இரவில் இழுப்பு. அந்த நேரத்தில்தான் அந்த வரியைப் பாடினான். உங்களுக்கும் தெரியும், இன்று பனியனில்கூட அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள்:

*கோழிக்கு ஃபேனு, கோழிக்கு ஊசி, கோழிக்கு டாக்டரு,*
*கூட்டித் தள்ளுன எங்கம்மாளுக்கு வெளிய ஒரு டம்ளரு.*

அந்த டம்ளர் எங்கள் வீட்டு டம்ளர்தான். பின்வாசல் கொக்கியில் இப்போதும் தொங்குகிறது. எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். வரவில்லை. அந்த வரிக்கு பாஸை, அடியில் அதிர்கிற அந்த ஒலியை, இன்னும் கொஞ்சம் கூட்டிவைக்கத்தான் தோன்றியது. நெஞ்சுக்குள்ளிருந்து சரளைக்கல்லை அள்ளிக் கொட்டுவது போல அந்தக் குரல் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கைமயிர் சிலிர்த்தது. தமிழில் அப்படி ஒரு குரல் அதுவரை யாரிடமும் இருந்ததில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

வளவனின் அக்கா மலர்விழி சேலம் சூரமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறைக்கு வந்தவள் தம்பியின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்திருக்கிறாள். நேரே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டாள். வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இந்த அட்டையெல்லாம் பண்ணையில கெடந்ததுங்களா? சின்னதுலருந்தே அவனுக்கு வீசிங் உண்டுங்க. இந்தப் புழுதிக்குள்ள அவன நிறுத்தாதீங்க" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு யாரிடமும் வீம்பு கிடையாது. அன்றைக்கே பழையதையெல்லாம் கழற்றிவிட்டுப் புத்தம் புது அட்டைகளாக ஒட்டினேன். மலர்விழி தம்பிக்கு ஒரு இன்ஹேலர் வாங்கிக் கொடுத்து, எப்படி உறிஞ்ச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் வளவனின் குரல் மறுபடி தெளிந்துவிட்டது.

நான் என்ன பாடு பட்டேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. மைக்கை மாற்றினேன். அறையை மாற்றினேன். லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் நிறுத்திப் பாடவைத்தேன். காரில் ஏற்றிக்கொண்டு மேச்சேரிக்குப் போய், ஆட்டுச் சந்தை இரைச்சலுக்கு நடுவே கத்திப் பாடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. அவன் மட்டும் சந்தோஷமாக இருந்தான். இப்பத்தான் மூச்சு நல்லா வாங்க முடியுது என்று என்னிடமே சொன்னான். நான் தூங்கவில்லை. பாதி முடிந்த ஆல்பத்தில் ஒரு பக்கம் சிங்கமும் மறுபக்கம் பள்ளிக்கூடப் பையனுமாக இரண்டு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் முழுக ராசாத்தி குடும்பம் ஜேடர்பாளையம் போயிற்று. பண்ணையிலும் ஆள் இல்லை. கழற்றிய பழைய அட்டைகளை நான் எரித்திருக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று கேட்டால் அப்போது சோம்பல் என்று சொல்லியிருப்பேன். சுவரில் ஒட்டினால் மலர்விழி வந்தால் கண்டுகொள்வாள். அதனால் ஏணி போட்டு மேலே, கூரையில் ஒட்டினேன். யாரும் ஒரு அறைக்குள் வந்தவுடன் அண்ணாந்து பார்ப்பதில்லை.

கூரையில் ஒட்டியதில் இன்னொரு சௌகரியம் இருந்தது. பாஸ் அதிரும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவில் புழுதி உதிரும். பதிவுக்கு முன்னால் பெரிய ஸ்பீக்கரில் பீட்டை ஓடவிட்டு, அவனை அறை நடுவில் நிற்கவைப்பேன். உடம்பு சூடேறினால்தான் பாட்டு வரும் என்று சொல்வேன். நான் சொல்லி அவன் எதையும் தட்டியதில்லை. நவநீண்ணா, நவநீண்ணா என்று என்னைக் கூப்பிட்டபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். குரல் திரும்பி வந்தது. முன்பைவிட நன்றாகவே வந்தது.

இடைஞ்சலாக இருந்தது இன்ஹேலர் மட்டும்தான். உறிஞ்சினால் குரல் கொஞ்ச நேரத்துக்குத் தெளிந்துவிடும். அது பழக்கமாகிவிடும், பிறகு அது இல்லாமல் மூச்சே வராது என்று சொல்லிப் பார்த்தேன். பாதி நம்பினான். மீதிப் பாதி அக்கா சொன்னதை நம்பினான். கடைசிப் பாட்டைப் பதிவு செய்த அன்று, அவன் மில்லில் இருந்தபோது, அவன் கழற்றி மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு, ஒன்றும் வராமல் போகும்வரை அழுத்தினேன். கட்டைவிரல் வலித்தது. பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். திருடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

மத்தியான வெயில். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்தியிருந்தேன். கதவும் சாத்தியிருந்தது. 'கடைசி லோடு' பாட்டைப் பாதி பாடிவிட்டு வளவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நெஞ்ச அடைக்குதுங்ணா. கதவத் தொறங்க, செத்த வெளிய நின்னுட்டு வாரேன்" என்றான்.

"இன்னும் ஒரே ஒருக்கா, சாமி. இதோட முடிஞ்சுது" என்றேன்.

இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்கிற பார்வைதான். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடினான்.

அந்தப் பாட்டில் சொல்லுக்குச் சொல் நடுவே அவன் விடுகிற இடைவெளியைத்தான் இன்று ஈரோட்டிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் பையன்கள் பழகுகிறார்கள். தாளத்துக்குப் பிந்தி வந்து விழுகிற அந்த மூச்சுக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டார்கள், வளவன் நடை என்று. ஒரு கல்லூரிப் பேராசிரியர் அதைப் பற்றிக் கட்டுரை படித்தாராம். பாட்டின் கடைசியில் ஒரு சத்தம் கேட்கும். உழைப்பாளியின் முதுகிலிருந்து கடைசி மூட்டை இறங்குகிற சத்தம், என்ன ஒரு கற்பனை என்று எழுதியிருந்தார்கள். அதில் கற்பனை எதுவும் இல்லை. வளவன் விழுந்த சத்தம் அது.

பதிவைச் சேமித்தேன். கரண்ட் எந்த நேரத்தில் போகும் என்று சொல்ல முடியாது, அதனால் ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி போட்டேன். ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, எங்கும் உடையவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகுதான் கார்ச் சாவியைத் தேடினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவன் உதடு நீலமாக இருந்தது. உள்ளே போன டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. தீவன மில் வேலை, சிறு வயதிலிருந்தே வீசிங், விதி என்றார்கள். பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆல்பத்தை இலவசமாகத்தான் வெளியிட்டேன். லாரிக்காரர்கள் பென்டிரைவில் ஏற்றி நாக்பூர் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஆல்பத்தின் முகப்பில் அவன் முகம் மட்டும்தான் இருக்கிறது. என் பெயர் கடைசியில் பொடி எழுத்தில். அவன் உயிரோடு இருந்திருந்தால் இன்னும் மூட்டைதான் தூக்கிக்கொண்டிருப்பான், இருமி இருமி யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்திருப்பான். நான் அவனுக்குக் கொடுத்ததை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. இப்படித்தான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் தப்பு எதுவும் எனக்குப் படவில்லை.

போன வாரம் மலர்விழி வந்தாள். அட்டையைப் பற்றியோ இன்ஹேலரைப் பற்றியோ அவள் எதுவும் கேட்கவில்லை. வளவனின் பழைய ஃபோன் ஒன்று உடைந்து கிடந்ததாம், சேலத்தில் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருக்கிறாள். அதில் ஒரு வீடியோ. மில்லுக்கு வேலைக்கு வந்த புதிதில் எடுத்தது. தெருக்குழாயடியில் வளவன் நிற்கிறான், பின்னால் குடத்தோடு ராசாத்தி. அந்த டம்ளர் வரியை அம்மாவைப் பார்த்துக்கொண்டே பாடுகிறான். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார். பீட் இல்லை, பாஸ் இல்லை. குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் தாளம். குரல் அப்படியே தெளிந்து கிடக்கிறது.

"இதுலயே இத்தன நல்லாப் பாடியிருக்கானுங்க. இந்தக் கொரலு ஏனுங்க உங்க ஆல்பத்துல இல்ல?" என்று கேட்டாள்.

இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் போனதிலிருந்துதான் என்னால் உட்கார முடியவில்லை.

நான் சொன்னது பொய். ஸ்டுடியோ போடுவதற்கு முன்பே வளவன் அந்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தான். காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்டேன். அதில் சேர்க்க ஒன்றும் இல்லை, கழிக்க ஒன்றும் இல்லை. ஒலியைக் கட்ட ஒருவன் அதற்குத் தேவைப்படவே இல்லை. வீடியோவை அழித்துவிட்டு அவனை ஃபோனில் கூப்பிட்டேன்.

"கொரலு ரொம்பச் சாதாரணமா இருக்குது, சாமி. நீ வா, நாம சரி பண்ணிக்கலாம்" என்றேன்.