கல்லுக்குள்ள புழு

என்னை முன்கோபின்னு சொல்வாங்க. எனக்கு ரத்தக்கொதிப்புகூடக் கிடையாது, வேணும்னா டாக்டரைக் கேட்டுப் பாருங்க. எரிச்சல் உண்டு. அது வேற.

வானத்துலேர்ந்து விழுந்த ஒரு கல்லைப் பதினோரு வருஷமா வெட்டித் தேய்ச்சு மைக்ராஸ்கோப்புல பார்த்துக்கிட்டிருக்கேன். உள்ள புழுக்கள் இருக்கு. தலைமுடி தடிமன்ல நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. கணு கணுவா, வரிசையா. கல்லாப் போன உயிர்னு முதல்ல சொன்னவன் நான். பேப்பர்ல போட்டோ வந்துது. மாமனார் வீட்டுல என்னை ஒரு மனுஷனா மதிச்சதே அதுக்கப்புறம்தான்.

செத்துப்போனவ என் மனைவியோட தங்கச்சி. என்கிட்டதான் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தா. வீட்டுல மாமா, லேப்ல சார். கெட்டிக்காரி, அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன். ஆனா சும்மா இருக்கத் தெரியலை. கொதிக்க வெச்ச தண்ணியில ரெண்டு மூணு உப்பைக் கரைச்சு ஒரு பாட்டில்ல மூடி வெச்சா. உயிர்னு பேருக்குக்கூட அதுல ஒண்ணும் கிடையாது. கொஞ்ச நாள்ல அடியில அதே புழு, அதே கணு, உயிரே இல்லாம வெறும் உப்பு படிஞ்சு.

அதைத் தனியா சொல்லியிருக்கலாம் இல்லையா? பல தடவை சொன்னாளாம். எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ரெண்டு படத்தைப் போட்டு, "சார், இதுல நம்ம கல்லு எது?"ன்னு கேட்டா. இடதுபக்கம்னு சொன்னேன். அது பாட்டில்ல வளர்ந்தது. யாரோ சிரிச்சாங்க. அதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் புரியலை.

அன்னைக்குச் சாயங்காலம் கீழ்த்தளத்துல மைக்ராஸ்கோப் அறைக்குப் போனேன். எங்க முடிவு தப்புன்னு ஆராய்ச்சி இதழுக்கு எழுதறதுக்குப் படம் எடுத்துக்கிட்டிருந்தா. ஒரு வருஷம் பொறும்மான்னு கெஞ்சினேன். நான், அவகிட்ட, கெஞ்சினேன். லேப்ல முதல் தடவையா மாமான்னு கூப்பிட்டா.

"விட்டுடுங்க மாமா. நாமளே சொல்லிட்டா மரியாதையாவது மிஞ்சும்."

பரிதாபப்பட்டா, இன்ஸ்பெக்டர் சார். சண்டை போட்டிருந்தா நான் சமாளிச்சிருப்பேன். பத்திக்கிட்டு வந்துது.

மெஷினைக் குளிர வைக்க அங்க நைட்ரஜன் சிலிண்டர் இருக்கு. விஷமெல்லாம் இல்லை; நாம இப்ப இழுக்கிற மூச்சுல முக்காவாசி அதுதான். மூடின அறையில அது நிறைஞ்சா ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமப் போகும், அவ்வளவுதான். அவ திரையைப் பார்த்துக்கிட்டிருந்தா. வெளியே வரும்போது சிலிண்டரைத் திறந்துவிட்டேன். கதவைப் பூட்டினது கை பழக்கம்னு நேத்து சொன்னேன். இல்லை, வேணும்னேதான் பூட்டினேன். எழுதிக்குங்க.

கதவுல சின்னதா ஒரு கண்ணாடி உண்டு. அது வழியாப் பார்த்தும் ஏன் திறக்கலைன்னு திரும்பத் திரும்பக் கேட்கறீங்க. தரையில கிடந்தா. கை அசையற மாதிரி இருந்தது. பார்க்க உயிர் மாதிரி இருக்குங்கிறதை மட்டும் வெச்சு உயிர் இருக்குன்னு முடிவு கட்டறவன் நான் இல்லை.