இன்டர்வியூக்கு முருகனும் வருகிறார்

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வேலை போய், வேறொரு கம்பெனிக்குக் கிளம்பியிருந்தவள் சொன்னாள்:

"நான் இன்னா தனியாவா போறேன்? இன்டர்வியூக்கு முருகனும் கூட வர்றாரு."

நான் உடனே கண்ணை மூடிக்கொண்டேன். ஒட்டுக்கேட்பதில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். சந்தேகம் வராமலிருக்கக் கொஞ்சம் குறட்டையும் விட்டேன்.

"அவரு ஐ.டி.ஐ. பாஸா?" என்றாள் தோழி. "உங்க அண்ணன் நெலம் வித்து மாடி வூடு கட்டிக்கினு கீறாரு. அவராண்ட போய் நில்லேன்."

"நின்னா 'இன்னா வேணும்'னு கேப்பாரு. நம்ம குன்றத்தூர் மலைக்குப் போனா முருகன் அப்டி கேக்க மாட்டாரு. அவருக்கே தெரியும்."

"சரி, உன் கையையாவது நம்புடி. அசெம்பிளி லைன்ல உன் ஸ்பீடு யாருக்கு வரும்?"

"அந்தக் கையோடதான் போன மாசம் என்னைக் கம்பெனி கேட்டுக்கு வெளிய நிறுத்துனாங்க."

"ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு, கெடைக்கலன்னா இன்னா பண்ணுவே?"

வல்லம் வடகால் நிறுத்தம் வந்துவிட்டது. அவள் எழுந்து, நெற்றி விபூதி கலையாமல் வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தக் கேட்டு இல்லன்னா அடுத்த கேட்டு. அங்கயும் அவரு கூட வருவாரு. எங்க அண்ணன் வருவாரா, கேட்டுச் சொல்லு."