இருட்டடிப்பு

தரை தூக்கிப் போடுகிறது. தகரக் கூரை சடசடக்கிறது. அடுக்கிலிருந்து பாத்திரங்கள் உருள்கின்றன. ஒரு கணம் எதுவுமே இல்லை. பிறகு லைன் முழுக்க ஒரே கூச்சல்.

"குண்டு! குண்டு போட்டுட்டான்! வெளிய வாங்க!"

1971, டிசம்பர். சண்டை தொடங்கிய முதல் வாரம். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைன். நான் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குக் காத்திருந்தவன். எதிரி விமானத்துக்கு ஊர் தெரியாதபடி விளக்குகளை அணைக்கவைக்க இருட்டடிப்புத் தொண்டர் வேண்டும் என்றதும் முதல் ஆளாய்ப் போய்ப் பெயர் கொடுத்தேன். ஒரு விசில் கிடைத்தது. நீலத்தாள் ஒட்டிய டார்ச் கிடைத்தது. நாட்டையே காப்பாற்றுகிற மாதிரி திரிந்தேன்.

அது குண்டு இல்லை. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்தது. இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும், பாறை வெடித்தால் அதிர்வு காலிலிருந்து ஏறும். அன்று யாருக்கும் கால் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். நானும்தான்.

அப்போது கண்ணில் பட்டது. அத்தனை இருட்டில் ஒரே ஒரு வீடு. மூங்கில் தட்டிச் சுவரின் இடுக்குகளில் ஊசி ஊசியாய் வெளிச்சம்.

"விளக்க அணை! அதப் பாத்துதான் போடறான்!"

கன்னியம்மா அக்கா வீடு. ஓடினேன்.

அவர் மகன் முருகேசன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டு அன்றைக்கு மூன்றாம் நாள். என்னோடு படித்தவன். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசியவர்கள் நிறைய. மேளம் இல்லை. பந்தல் இல்லை. பின்பக்கச் சந்து வழியாகக் கொண்டுபோனார்கள்.

அக்கா விளக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தரை குலுங்கியும் எழவில்லை. இரண்டு கையாலும் சுடரைப் பொத்தினாற்போல் காத்துக்கொண்டிருக்கிறார்.

"பதினாறு நாளு எரியணும் தம்பி. அணைக்கச் சொல்லாத."

அணைக்கத்தான் வந்தேன். வாயில் விசில்கூட இருந்தது. எடுத்துவிட்டேன்.

"மறைச்சிடலாம் அக்கா."

கம்பளி, கோணி, பழைய வேட்டி. தட்டி முழுக்கச் சொருகினேன். வெளியே வந்து வீட்டைச் சுற்றினேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அப்போதும் வாசலில் கூட்டம் கலையவில்லை.

"அதான் தெரியலையே. இன்னும் இன்னா?" என்றேன்.

பக்கத்து வீட்டு பீட்டர் அண்ணன் முன்னால் நின்றார். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டு கொடுக்கிறவர். "வெளிச்சத்த யாருடா சொன்னாங்க, பெரிய தொண்டரு. அவனுக்கு இன்னாத்துக்கு விளக்குன்றேன். எங்க கோயில்ல இப்டிப் போனவங்களுக்கு கல்லறை வேலிக்கு அந்தாண்டதான் குழி."

"எங்களுக்கு மட்டும் இன்னா?" என்றார் முருகேசனின் சித்தப்பா. "ஆயுசு முடியாம போனவன் இங்கியே சுத்துவான். விளக்கு வெச்சா வழி தெரிஞ்சி வந்துடுவான்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"வரட்டுமே. வந்தா சோறு போடறேன்."

ஆகாய விமானப் பயத்தை எல்லோரும் மறந்தேபோயிருந்தார்கள். பீட்டர் அண்ணன் குனிந்தார். நழுவிக் கிடந்த ஒரு கோணியை எடுத்துத் தட்டியில் இறுக்கிச் சொருகிவிட்டுப் போனார்.

சண்டை முடிந்தது. பட்டாளத்துக்குப் போயிருந்த எங்கள் லைன் தேவராஜ் திரும்பவில்லை. மற்றவர்கள் பின்வாங்க வழிவிட்டு அவன் மட்டும் நின்றானாம். பந்து மைதானத்தில் இரங்கல் கூட்டம். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றோம். பேச வந்தவர் முழங்கினார்: "சாவை விரும்பி அழைத்துக்கொண்ட வீரன்!" கைதட்டல். எனக்குச் சுருக்கென்றது. மேடையேறிவிட்டேன்.

"சாவை விரும்பியவனுக்குக் கைதட்டுகிறோம். அப்படியானால் முருகேசனுக்கும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாமே?"

"இறங்குடா கீழ!"

முன்வரிசையில் தேவராஜின் அப்பா முனுசாமி எழுந்தார். கூச்சல் நின்றது.

"என் புள்ள சாவறதுக்குப் போகல. லீவுல வரேன்னு சொல்லிட்டுப் போனான். விரும்பினான்னு சொல்லாதீங்க. நீங்களும் சொல்லாதீங்க. நீயும் சொல்லாத."

பேச வந்தவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாய்ப் பேசியதாக நினைத்திருந்தேன்.

பிறகு முனுசாமி திரும்பினார். கூட்டத்தின் ஓரத்தில் கன்னியம்மா அக்கா.

"உன் புள்ளயும் விரும்பியிருக்க மாட்டான்மா. எதையோ தாங்க முடியல அவனுக்கு. நம்ம யாரும் கேக்கல."

அக்கா அன்றுதான் சத்தம்போட்டு அழுதார்.

முருகேசன் செய்தது சரி என்று நான் எழுதவில்லை. அவன் இருந்திருக்க வேண்டும். ஒருவனைச் சாமியாக்கினோம், ஒருவனைப் பேயாக்கினோம். இரண்டு பேரையும் பிள்ளைகளாகப் பார்த்தவர் முனுசாமி ஒருவர்தான்.

கணக்கு இது. எங்கள் ஊரில் விழுந்த குண்டு: ஒன்றுமில்லை. அன்றைய பாறை வெடிப்பில் செத்தவர்: யாருமில்லை. மைதானம் எழுந்து நின்றது: ஒருவனுக்கு. அந்த டிசம்பரில் எங்கள் லைன் பறிகொடுத்த பிள்ளைகள்: இரண்டு பேர்.