பார்க்க மட்டும்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார், சர்க்கரையும் சரிதான். நீங்கள் கேட்டதை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ள உங்களுக்கும் லேசாக இருக்கும்.

எங்கள் ஊர் மாதா கோவில் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துபாயிலும் குவைத்திலும் கிடக்கிற நம் பிள்ளைகள் திருவிழாப் படங்களைப் பார்க்கட்டும் என்று பங்குச் சாமியார் ஆசைப்பட்டு ஆரம்பித்தது. எந்த ஊரிலிருந்து வந்து எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற அனலிட்டிக்ஸ் கணக்கும் என் கையில்தான். அதில் ஆளுக்குத் தகுந்தபடி அனுமதி கொடுக்கலாம். சாமியாருக்கே பார்க்க மட்டும்தான் கொடுத்தேன். இளைஞர் மன்றத்து சிஜோவுக்கு ஒரு தடவை திருத்தவும் அனுமதி கொடுத்தேன். பாவிப் பயல் பாதியை அழித்துப்போட்டான். அன்றோடு சரி.

வீட்டிலும் அப்படித்தான். எல்லோருடைய பாஸ்வேர்டும் என்னிடம் இருக்கும். சந்தேகமெல்லாம் ஒன்றுமில்லை, அவர்களுக்கு மறந்துபோகும். என் தங்கச்சி குளோரி மட்டும்தான் ஒருநாள் கேட்டாள்.

"எனக்க மெயிலு ஒனக்கு எதுக்கு அண்ணே?"

அது எனக்கு வலித்தது சார். இன்றைக்கும் வலிக்கிறது.

அவள் புருஷன் சிலுவைதாசன் கை நீட்டுகிறவர், அதை நான் மறைக்கப்போவதில்லை. இரண்டு தடவை முகம் வீங்கி என் வீட்டுக்கு வந்தாள். நல்ல வார்த்தை சொல்லி, ஆட்டோ பிடித்து, நானே கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது தடவை அவள் என்னிடம் வரவில்லை. மகள் ஜின்சியை மாமியார் கண்ணை விட்டு அகலவிடாததால், தனியாகவே எங்கேயோ போய்விட்டாள். அவள் மெயிலைத் திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறாள். புருஷனை விட்டுப் போனதைக்கூட மன்னிக்கலாம். கூடப்பிறந்தவனிடம் இப்படியா?

அந்த வருஷம் ஜின்சிக்குப் புதுநன்மை, பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு. வெள்ளை உடுப்பு, தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. வழக்கமாக எல்லாப் பிள்ளைகளின் படங்களையும் ஒரே பக்கத்தில்தான் போடுவோம். அந்தத் தடவை நான் பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போட்டேன். பெற்ற மகள் முதல் நன்மை வாங்குகிற படத்தைப் பார்க்காமல் எந்தத் தாயாலும் இருக்க முடியாது இல்லையா? மற்ற பிள்ளைகளின் பக்கங்களைப் பார்க்க வளைகுடாவிலிருந்து ஆள் வந்தார்கள். ஜின்சியின் பக்கத்துக்குத் தினமும் சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து ஒரே ஒருவர் வந்தார். எங்கள் ஊர்க்காரர் யாரும் அங்கே கிடையாது.

சிலுவைதாசன் மச்சான் என்னைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. ஐயோ பாவம் என்று அவருக்கும் அனலிட்டிக்ஸ் கணக்கில் அனுமதி கொடுத்தேன். பார்க்க மட்டும். அதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும் சார். அவரால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க முடியாது. எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்.

ரயில் டிக்கெட்டும் நான்தான் போட்டேன், இரணியலிலிருந்து கோயம்புத்தூருக்கு. திரும்பி வர இரண்டு பேருக்குத்தானே என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் போட்டா போரும் மக்கா."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒருவருக்கே போட்டேன்.

குளோரியின் உடலை வாங்க நானேதான் போனேன். அவள் ஆயாவாக இருந்த ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த பிள்ளைகள் சொல்லி அழுதார்கள், வேலை முடிந்ததும் வரவேற்பறைக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பாளாம். மச்சானின் அனுமதியை அன்றைக்கே நீக்கிவிட்டேன். கணக்கு இப்போது பத்திரமாக இருக்கிறது.

ஜின்சி என் வீட்டில்தான் இருக்கிறாள். கேள்வி எதுவும் கேட்பதில்லை, நல்ல பிள்ளை. அவளுக்கும் ஒரு மெயில் திறந்து கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு என்னிடம்தான் இருக்கிறது சார், சின்னப் பிள்ளைதானே, மறந்துபோகும்.