இரண்டாவது குழாய்

ஓம் டொக்டர், ரெண்டு பேரும் வேணும் எண்டு போன மாசமே சொல்லிப்போட்டுத்தான் போனனீங்கள். நான் மறக்கேல்லை. முதல்லை இருங்கோ. அந்தக் கதிரைக்கு ஒரு கால் சரியில்லை, தகரத்தோடை சாய்ச்சுப்போட்டு இருங்கோ, விழமாட்டியள். பெட்டியை நிழலுக்கை வையுங்கோ. ஐஸ் கரைஞ்சுபோனால் நீங்கள் கொழும்பிலை இருந்து வந்த பாடு வீண்.

என்னோடை கூடப் பிறந்த இரட்டை, பத்மாசனி, இப்ப இஞ்சை இல்லை. ஓம், பாக்கத் தெரியுதுதானே, ஒரு ஆளை ஒளிச்சு வைக்கிற அளவுக்கு இந்த முகாம் அறை பெரிசில்லை. உங்கடை வான் நாலு மணிக்கு முன்னம் வவுனியாவை விட்டு வெளிக்கிட வேணும், அதுவும் தெரியும். அதுக்குள்ளை நீங்கள் கேட்டதுகளைச் சொல்லுறன். எழுதுங்கோ. ஒரு மாசமாய் யோசிச்சு வைச்சிருக்கிறன்.

ஆர் எட்டிப் பாக்கிறது? சுப்பம்மாக்காவோ. பக்கத்து அறை, டொக்டர். எழுபத்தேழுக் கலவரத்திலை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தாலை அடிபட்டு வந்து, வன்னியிலை காடு வெட்டி, அதையும் விட்டுட்டு இஞ்சை வந்திருக்கிற ஆக்கள். அக்கா, உங்களுக்கு ரத்தம் எடுக்கேல்லை, பயப்பிடாதேங்கோ. என்னவாம்? முடக்கொத்தான் இலை அவிச்சு எனக்கு ஒத்தடம் குடுத்தது தான்தானாம், அதையும் எழுதட்டாம். எழுதிவிடுங்கோ டொக்டர். இல்லாட்டி நாளைக்கு எனக்குத் தண்ணி எடுத்துத் தரமாட்டா.

சரி. நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான். ஒரு கருவிலை உண்டாகி ரெண்டாய்ப் பிரிஞ்ச பிள்ளையள். ஒருத்திக்கு மூட்டு எல்லாம் வீங்கி முறுகிப்போச்சு, மற்றவளுக்கு ஒண்டுமில்லை. ஏன்? பரம்பரையலகு, அந்த டி.என்.ஏ, ரெண்டு பேருக்கும் ஒண்டெண்டால், வெளியிலை இருந்து வந்த ஏதோ ஒண்டுதான் என்னை மட்டும் பிடிச்சிருக்க வேணும் எண்டு சொன்னனீங்கள். ரெண்டு பேரின்ரை ரத்தத்தையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தால்தான் தெரியும் எண்டும், சோடியாய் வந்தால்தான் உங்கடை ஆராய்ச்சியிலை சேக்கலாம், மருந்தும் தரலாம் எண்டும் சொன்னனீங்கள். அதுதானே?

அந்த ஏதோ ஒண்டைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறன்.

சாப்பாடு எண்டால் ஒரு பானை. தண்ணி எண்டால் ஒரு கிணறு. அப்பர் பொன்னையா, ஊர் வடமராட்சி. விசுவமடுவிலை குடியேற்றக் காணி கிடைச்சு எங்களைக் கொண்டுவரேக்கை எங்களுக்கு ஆறேழு வயசு. மிளகாய்க்கு மருந்து அடிக்கேக்கை வாளி தூக்கினது ரெண்டு பேரும். நாத்து நட்டது ரெண்டு பேரும். சுருட்டோ? நாங்கள் எங்கை டொக்டர் சுருட்டுப் பத்தினது. அப்பர் பத்துவார், புகை ரெண்டு பேரின்ரை மூக்குக்கையும் ஒரே மாதிரித்தான் போனது.

மலேரியா ரெண்டு பேருக்கும் வந்தது. நெருப்புக் காய்ச்சல் அவளுக்கு மட்டும். அங்கைதான் எனக்கு இடிக்குது. சின்னனிலை வருத்தக்காறி அவள்தான். தடிமன், வயித்துளைவு, காதுக்குத்து, ஊரிலை எது வந்தாலும் அவளிட்டை ஒருக்கா வந்துதான் போகும். நான் கல்லு மாதிரித் திரிவன். இந்த வருத்தமும் நியாயப்படி அவளிட்டைத்தான் போயிருக்க வேணும். ஆள் மாறி வந்திட்டுதோ எண்டுகூட யோசிச்சனான். ஏனெண்டால் எங்களிட்டை எல்லாரும் மாறிமாறித்தான் வாறவை. கணக்கு வாத்தியார் அவள் விட்ட பிழைக்கு எனக்கு அடிச்சுப்போட்டு, பேந்து நியாயம் செய்யவேணும் எண்டு அவளுக்கும் அடிச்சவர். நான்தான் மிச்சமாய் வாங்கினது. அதுவும் எழுதுறியளோ? வேண்டாம், விடுங்கோ.

தொடங்கினது தொண்ணூற்றொண்டு மாரியிலை. விடிய எழும்பிச் சட்டைக்கு ஊசி குத்தப்போனன், விரல் மடியேல்லை. நடவுக்குப் போன அலுப்பு எண்டு விட்டிட்டன். அடுத்த நாளும் அப்பிடித்தான். வெய்யில் ஏறினால் கொஞ்சம் இளகும். பேந்து வாளிக் கயிறு பிடிக்க ஏலாது, தேங்காய் துருவ ஏலாது, உடுப்புப் பிழிய ஏலாது. பத்மாசனி சரியாய்ப் பேசினாள். சாட்டுச் சொல்லுறாய், எனக்கு வராதது உனக்கு எப்பிடி வரும் எண்டு கேட்டாள். அது பொல்லாப்பிலை கேட்டதில்லை டொக்டர். எங்களுக்கு ரெண்டு உடம்பு எண்டது அண்டைக்குவரைக்கும் அவளுக்குத் தெரியாது. எனக்கும்தான்.

முழங்கால் வீங்கினதைக் கண்டாப் பிறகுதான் நம்பினாள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எழும்பினவுடனை தன்ரை விரலை மடக்கி மடக்கிப் பாப்பாள். எனக்கு எப்ப வருகுதெண்டு பாக்கிறன் எண்டு பகிடி விடுவாள். வருசக்கணக்காய்ப் பாத்தாள். வரேல்லை. வரேல்லை எண்டு அவளுக்குக் கவலையோ எண்டும் எனக்கு ஒரு நேரம் பட்டுது.

நீங்கள் போன முறை சொன்னது எனக்கு நல்லாய் விளங்கினது. உடம்பைக் காக்க எண்டு உள்ளுக்கை இருக்கிற காவல், தன்ரை வீட்டு ஆளையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது எண்டு. மூட்டிலை பிழையில்லை, காவலுக்குத்தான் ஆள் அடையாளம் தெரியேல்லை எண்டு. வன்னியிலை இருந்து வாறவளுக்கு இதை ரெண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. ஓம், சிரியுங்கோ. நானும் சிரிக்கிறனான்.

கையோ? பாருங்கோ. இது வலது. விரல் எல்லாம் ஒரு பக்கம் சாஞ்சு, காத்தடிச்ச நெல்லு மாதிரிக் கிடக்கு. இதாலை இப்ப பேணியைப் பிடிக்கலாம், கடதாசி பிடிக்கலாம். தலை இழுக்க ஏலாது. அப்ப தலை இழுத்துப் பின்னிவிடுறது அவள்தான். ரெண்டு தலைக்கும் ஒரே பின்னல் பின்னுவாள்.

பேந்து ஆஸ்பத்திரியிலை அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை தரத் தொடங்கினவை. ஓம், அதுதான், ஸ்டீரொயிட். நோ குறைஞ்சுது, ஆனால் முகம் ஊதிப்போச்சு. பூசணிக்காய் மாதிரி. அதுக்குப் பிறகு ஒருத்தரும் எங்களை மாறிக் கூப்பிடேல்லை. தபால்காரர்கூட. ஒருநாள் அவள் என்ரை கன்னத்தை ரெண்டு கையாலையும் அமத்திப் பிடிச்சு, பழைய அளவுக்குக் கொண்டுவரப் பாத்தாள். கொஞ்ச நேரம் அப்பிடியே வைச்சிருந்தாள். பேந்து விட்டிட்டுக் குசினிக்குள்ளை போயிட்டாள்.

கலியாணம்? கேக்கவேண்டியதுதானே, கேளுங்கோ. ரெண்டு பேரும் கட்டேல்லை. எனக்கு ஒண்டு பேசி வந்தது, முகம் ஊத முதல். மாப்பிள்ளை பளையிலை கடை வைச்சிருந்தவர். பொம்பிளை பாக்க வாற அண்டைக்கு எனக்குத் தட்டம் பிடிக்க ஏலாது. அம்மா அப்ப இருந்தவ. அவவும் பத்மாசனியும் சேர்ந்து முடிவெடுத்து, என்ரை சீலையை அவள் உடுத்துக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடுத்தாள். அவையளுக்குச் சரியான சந்தோசம். நான் அறைக்கை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். நான்தான் எழும்பிப்போய்ச் சொன்னனான், உது நானில்லை, நான் இது எண்டு. அப்ப மாப்பிள்ளையின்ரை தாய் என்ன சொன்னவ தெரியுமோ? அப்ப தேத்தண்ணி தந்த பிள்ளையையே தாங்கோ எண்டா. நல்ல மனுசிதான். பத்மாசனி மாட்டன் எண்டிட்டாள். அம்மா அழுதும் பாத்தா. இவளின்ரை தலையை ஆர் இழுக்கிறது எண்டு கேட்டாள். நீ கட்டிக்கொண்டு போ எண்டு நான் சொல்லேல்லை. எனக்கு அண்டைக்கு நல்ல நோ.

பிறகு அப்பர் போனார், அம்மாவும் போனா. நாங்கள் ரெண்டு பேரும் மிஞ்சினம். தோட்டம் அவள், ஆடு அவள், சங்கக்கடை அவள், விறகு அவள். எனக்கு ஏலாத ஒவ்வொண்டும் அவளின்ரை வேலையாய்ப் போச்சு. நீங்கள் வித்தியாசம் கேட்டனீங்கள். ஒரு மாசம் யோசிச்சு எனக்குக் கிடைச்ச வித்தியாசம் அதுதான். எனக்கு வருத்தம் வந்தது, அதாலை நான் வீட்டிலை இருந்தன். அவளுக்கு வரேல்லை, அதாலை அவள் வெளியிலை போனாள்.

மணி என்ன? மூண்டரையோ. இருங்கோ, முடிக்கிறன்.

அந்தக் குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டக்கூடாது எண்டு நீங்களும் சொன்னனீங்கள். அங்கை ஆஸ்பத்திரியிலை அது முடிஞ்சுபோச்சு. மருந்து கொண்டுவாற லொறி வரேல்லை. நான் பாயை விட்டு எழும்பேல்லை, சோறு தீத்திவிட்டது அவள். வவுனியாப் பாமசியிலை வாங்கலாமாம் எண்டு ஆரோ சொல்ல, இயக்கத்திட்டைப் போய்வரப் பாஸ் எடுத்துக்கொண்டு சைக்கிளிலை வெளிக்கிட்டாள். தொண்ணூற்றேழு தொடக்கத்திலை. அப்ப தாண்டிக்குளத்துச் சோதனைச்சாவடியாலை சனம் போய் வந்த காலம். போட்டு வாறன் எண்டாள். எனக்குக் கழுத்துத் திரும்பாது. படலை சாத்தின சத்தம் கேட்டுது.

குளிசை வாங்கினவள். அது வடிவாய்த் தெரியும். எங்கடை பக்கத்துப் பரமலிங்கம் அண்ணையும் அண்டைக்குச் சாமான் வாங்க வந்தவர், திரும்பேக்கை அவளைக் கண்டு கதைச்சவர். பையைத் தட்டிக் காட்டி, கிடைச்சிட்டுது எண்டவளாம். ரெண்டு பக்கத்துக்கும் நடுவிலை ஒரு வெட்டை இருக்கு டொக்டர், ஆமியும் இல்லை, இயக்கமும் இல்லை. அதிலை சனம் வரிசையாய் வந்துகொண்டிருக்கேக்கை ஷெல் விழுந்தது. ஆர் அடிச்சதெண்டு நான் கேக்கேல்லை, கேட்டு என்ன. சனம் பத்தைக்குள்ளை சிதறி ஓடினது. அடங்கினாப் பிறகு அண்ணை திரும்பி வந்து பாக்க, அவளின்ரை சைக்கிள் கிடந்தது. ஆள் இல்லை. ரத்தமும் இல்லை.

அந்தப் பக்கம் கேட்டால், எங்களிட்டைத் திரும்பி வரேல்லை எண்டினம். இந்தப் பக்கம் கேட்டால், எங்களைத் தாண்டிப் போட்டா எண்டினம். ரெண்டும் மெய்யாய்த்தான் இருக்கும். நடுவிலை பாக்க ஒருத்தரும் இல்லை. செஞ்சிலுவையிலை பதிஞ்சு வைச்சவை. கொஞ்ச மாசத்திலை பெரிய சண்டை தொடங்கி அந்தப் பாதையும் மூடிப்போச்சு. பிறகு எனக்கு ஏலாமல் போக, செஞ்சிலுவை வானிலை ஏத்திச் சுத்துப்பாதையாலை இஞ்சை கொண்டந்தவை. திரும்பிப் போகப் பாஸ் கிடைக்கேல்லை. இருக்கிறன்.

அதாலை, அவள் இண்டைக்கு வரமாட்டாள் டொக்டர். பெட்டியை மூடாதேங்கோ. கோவிக்காதேங்கோ. போன மாசமே இதைச் சொல்லியிருந்தால், உங்களுக்குச் சோடி இல்லையெண்டு நீங்கள் திரும்பி வந்திருக்கமாட்டியள்.

இல்லை, மருந்துக்காக இல்லை. என்னைச் சேக்க ஏலாதெண்டால் சேக்கவேண்டாம். நான் கேக்கிறது வேறை. கடையிலை பாண் சுத்தி வந்த பேப்பரிலை கிடந்தது, வெளிநாட்டிலை எங்கையோ காணாமல்போன ஆக்களின்ரை எலும்பிலை இருந்து உந்தப் பரம்பரையலகை எடுத்து, சொந்தக்காரரின்ரை ரத்தத்தோடை ஒத்துப் பாத்து, இன்னார் எண்டு சொல்லினமாம். மெய்யோ? மெய்தானே. நானும் மெய்யெண்டுதான் நினைச்சன்.

அந்த வெட்டையை எப்பவோ ஒருநாள் கிண்டுவினம். றோட்டுப் போடவோ, வீடு கட்டவோ. அப்ப வாற எலும்புகளை ஆற்றையெண்டு தெரியாமல் கூட்டி ஒரு பக்கத்திலை போடுவினம். அந்த நேரம் நான் இருப்பனோ தெரியாது. இந்தக் குளிசையோடை கன காலம் போகாது எண்டு எனக்குத் தெரியும். மற்றச் சனத்துக்கு ஒரு தமையனின்ரை ரத்தமோ தாயின்ரை ரத்தமோ கிட்டமுட்டத்தான் ஒத்துவருமாம். எங்களுக்கு அப்பிடியில்லை.

ரெண்டு குழாய் கொண்டந்தனீங்கள்தானே. ரெண்டுக்கும் என்னிலையே எடுங்கோ. ஒண்டு உங்கடை ஆராய்ச்சிக்கு, உதவுமெண்டால். மற்றது ஒண்டுக்கும் வேண்டாம், உங்கடை குளிர்ப்பெட்டியிலை ஒரு மூலையிலை கிடக்கட்டும். பொய் எழுதச் சொல்லேல்லை டொக்டர். அந்த ரத்தம் ஆற்றையெண்டு உங்கடை மெசினைக் கேளுங்கோ, ரெண்டு பேரையும்தான் சொல்லும்.

இடது கையிலை குத்துங்கோ, அதிலைதான் நரம்பு பிடிபடும். ரெண்டாவது குழாயிலை பேரைப் பொன்னையா பத்மாசனி எண்டு எழுதுங்கோ. பிறந்த திகதி என்ரைதான்.