லெப்டினன்ட் டோல்கெயின் வாலில் கோடு ஏறாத காரணம்

1944 ஆகஸ்டு மாதம், ஓல்டன்பர்க் அருகிலுள்ள சண்டை விமானத் தளத்தில், ராணுவ நீதிமன்ற விசாரணை அதிகாரி முன்பு சாட்சி கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் கோர்பினியன் ஸைட்லர், வயது 41, தகப்பனார் பெயர் மத்தேயுஸ் ஸைட்லர். சொந்த ஊர் மெம்மிங்கன் பக்கம். யுத்தத்துக்கு முன் அங்கே சைக்கிளும் வேட்டைத் துப்பாக்கியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். தற்சமயம் மேற்படி தளத்தில் துப்பாக்கி மெக்கானிக்காக இருக்கிறேன். இந்த வழக்கில் கைதாகியிருக்கும் லெப்டினன்ட் கெர்வின் டோல்கெயை 1940 முதல் அறிவேன். அவர் எந்த விமானத்தில் ஏறினாலும் அதன் துப்பாக்கிகளுக்குக் குண்டு நிரப்புவது என் வேலை. அவர் கோழை என்று குற்றம் சாட்டியிருப்பதாகவும், நிரூபணமானால் சுட்டுக் கொல்வார்கள் என்றும் இன்று காலை எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

பிரான்ஸ் கடற்கரையில் இருந்தபோது லெப்டினன்ட் தன் முதல் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். வீழ்த்தும் விமானம் ஒன்றுக்கு விமானத்தின் வாலில் ஒரு கோடு என்பது வழக்கம், அன்று முதல் வெள்ளைக் கோட்டை நான்தான் வரைந்தேன். அதன் பிறகு ருஷ்யாவுக்குப் போனோம். அங்கே வாரம் தவறாமல் கோடு ஏறியது. சக்கரம் நிற்கும் முன்பே கண்ணாடியைத் திறந்து, "யோவ் ஸைட்லர், பெயிண்ட் எங்கய்யா? எலி தின்னுடுச்சா?" என்று கத்துவார். கழுத்தில் தொங்கவிடும் பெரிய சிலுவைப் பதக்கத்துக்கு அலைகிறவர்களுக்குத் தொண்டை வலி என்று எங்கள் ஆட்கள் கேலி பேசுவது வழக்கம். லெப்டினன்டுக்கு அந்த நாளில் பொல்லாத தொண்டை வலி. கோடு முப்பத்தொன்று ஆனது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, அவரும் மறுக்க மாட்டார்.

(சாட்சி விஷயத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்.)

விஷயத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். அதன் பிறகு சென்ற வருஷம் எங்களைச் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பி, பகலில் வரும் அமெரிக்கக் குண்டு விமானங்களை எதிர்க்கச் சொன்னார்கள். சண்டை விமானம் தனியாகப் பறக்காது, முன்னால் தலைவர் ஒருவர், பின்னால் அவருக்குத் துணை ஒருவர் என்று ஜோடியாகப் பறக்கும். லெப்டினன்டின் பழைய துணை குளிர்காலத்தில் செத்துப்போனார். அதன் பிறகு வந்த துணைகள் எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த பிள்ளைகள். நேராகத் தரையிறங்கவே திண்டாடுவார்கள். இரண்டு தடவை பறப்பார்கள், மூன்றாம் தடவை திரும்ப மாட்டார்கள்.

அப்போதிருந்து லெப்டினன்டின் வாலில் ஒரு கோடுகூட ஏறவில்லை. ஆனால் இறங்கியதும் நான் மூடியைத் திறந்து பார்த்தால் குண்டுப்பட்டை காலி. எனக்குச் சும்மா இருக்க முடியாது, அடுத்தவர் சமாச்சாரம் என்றால் மூக்கை நீட்டித்தான் பழக்கம். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்ன ஐயா, மேகத்தையா சுட்டீங்க?"

"ஆமாய்யா. அது விழுந்துடுச்சு. நாளைக்கு மழை வரும் பாரு."

இதற்கிடையில் வேறொரு அதிசயம் நடந்தது. செத்துப்போன பையன்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஆளுக்கொரு குண்டு விமானம் பதிவாகியிருந்தது. சாகும் முன் அந்தப் பையன் சுட்டு வீழ்த்தியதைக் கண்ணால் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவர் லெப்டினன்ட். விமானங்கள் வயலிலும் சதுப்பு நிலத்திலும் விழுந்து கிடந்தன, அவற்றை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. இதைக் கேள்விப்பட்டு பெர்லினிலிருந்து மூன்று பெரிய அதிகாரிகள் காரில் வந்து இறங்கி, அனுபவமில்லாத பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். லெப்டினன்ட் முகத்தைத் துளிகூட மாற்றாமல், "காலைல முட்டைக்கோஸ் சூப் குடிக்கச் சொல்வேங்க" என்றார். எழுதிக்கொண்டு போனார்கள். அதே வாரம் பக்கத்துத் தளத்திலும் காலையில் முட்டைக்கோஸ் சூப் ஊற்றியதாகக் கேள்வி. நான் எண்ணெய்த் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அதன் பிறகு ஜூன் மாதம் என் தங்கை வால்புர்காவின் மகன் செவெரின் இதே தளத்துக்கு விமானியாக வந்து, லெப்டினன்டுக்குத் துணையாகப் போடப்பட்டான். வயது பத்தொன்பது. முதல் நாள் பறந்து திரும்பியபோது அவன் துப்பாக்கியில் ஒரு குண்டுகூடக் குறையவில்லை. "மாமா, பாதுகாப்பு விசையைத் திறக்கவே மறந்துட்டேன். பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தேன், சுடவே இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மானம் போயிடும்" என்றான். நான் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினேன். மறுநாள் அவன் திரும்பி வரவில்லை.

அன்று மாலை செவெரின் பெயரில் ஒரு குண்டு விமானம் பதிவாயிற்று. லெப்டினன்டின் குண்டுப்பட்டை காலி. நான் விமானக் கொட்டகைக்குப் பின்னால் அவரை மறித்தேன்.

"என் பிள்ளையா சுட்டான்? நெஜத்தச் சொல்லுங்க ஐயா."

"சுட்டான்னு சொல்லியிருக்கேன்ல."

"விசையே திறக்கத் தெரியாத பய ஐயா அவன்! நீங்க சுட்டீங்க. எல்லாத்தையும் நீங்கதான் சுட்டீங்க."

"சுட்டா என்ன? என் வால்ல இடமில்லய்யா. ரெண்டு நாள் பறந்தான், செத்தான்னு உன் தங்கச்சிக்கு எழுதவா? இப்ப பதக்கமாவது போவும்" என்றார். கிளம்பியவர் திரும்பி வந்து, "அந்தப் பெரிய விமானத்துல பத்துப் பேர் இருந்தாங்க, ஸைட்லர். பத்துப் பேரையும் யாராவது ஒருத்தன் தலைல எழுதித்தான் ஆவணும். செத்தவன்னா அவனுக்கு ராத்திரி தூக்கம் கெடாது" என்றார். பையன்களுக்காகச் செய்தாரா, தன் தூக்கத்துக்காகச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை அறிய ஆசைதான், கேட்கத் தைரியம் வரவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்று அன்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு இந்த மாதம் வந்த புதிய மேஜர் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொன்றைச் சுட்டுவிட்டுச் செத்திருக்கிறார்கள், இந்த மனிதர் மட்டும் எதையும் சுடாமல் உயிரோடு இருக்கிறார், பிள்ளைகளை முன்னே விட்டு இவர் மேகத்துக்குள் ஒளிந்திருக்கிறார் என்று புகார் எழுதினார். லெப்டினன்டைக் கைது செய்தார்கள்.

லெப்டினன்ட் கொடுத்த வாக்குமூலம் இன்று எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தனக்குப் பயமாக இருந்ததாகவும், குண்டுகளை வெறும் வானத்தில் சுட்டுத் தீர்த்ததாகவும், விமானங்களை வீழ்த்தியது பையன்களே என்றும் அதில் சொல்லியிருக்கிறார். பொய். பச்சைப் பொய். அந்த மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டு மேசையைத் தட்டினேன், அதற்காக வருந்துகிறேன். அவர் வாயைத் திறந்தால் உயிர் தப்பலாம், ஆனால் அத்தனை வீட்டுப் பதக்கத்தையும் திருப்பிக் கேட்பார்கள். அதனால்தான் திறக்க மாட்டேன் என்கிறார். எனவே நான் வாக்கு மீறுகிறேன். விமானங்களைச் சுட்டவர் லெப்டினன்ட் டோல்கெ. செவெரின் எதையும் சுட்டு வீழ்த்தவில்லை.

அவன் பதக்கம் தங்கை வீட்டுச் சமையலறையில், சிலுவைக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. தபால்காரர் வந்தாலும் பால்காரி வந்தாலும் கூப்பிட்டுக் காட்டுகிறாளாம். அதைத் திருப்பிக் கேட்டால் வேறு ஆளை அனுப்ப வேண்டாம். நானே போய்க் கழற்றி எடுத்து வருகிறேன். அவளிடம் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. லெப்டினன்டைச் சுட வேண்டாம்.

மேலே கண்டவை யாரும் சொல்லிக் கொடுக்காமல், மிரட்டாமல் நானாகச் சொன்னவை. எழுதியபடி வாசிக்கக் கேட்டேன், சரியாக இருந்தது. செவெரினைப் பற்றிய வரியை வேண்டுமானால் விட்டுவிடலாமா, மற்றவை போதுமே என்று எழுத்தர் மெல்லக் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) கோர்பினியன் ஸைட்லர்