கச்சேரியில் தூங்கிய மாப்பிள்ளை

ஏற்காடு கோடை விழாவில் இசைக் கச்சேரி கேட்டுவிட்டுச் சேலம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஓர் அம்மாவும், மடியில் வயலின் பெட்டியோடு அவர் மகளும் இருந்தார்கள். அன்று மேடையில் வாசித்தவள் அந்தப் பெண்தான்.

“பொண்ணு பாக்கக் கச்சேரிக்கு வந்துட்டுத் தூங்கறவனுக்கா உன்னையக் குடுக்கறது?” என்றார் அம்மா.

“விடிஞ்சதுலருந்து எஸ்டேட்ல வேலைம்மா. கணக்கெழுதற ரைட்டருக்கு ஏது லீவு?”

“கூட வந்த அவங்கக்கா எப்படிப் பாராட்டுனாங்க!”

“அவங்க முழுக்கப் போன்தான் பாத்துட்டிருந்தாங்க. இவரு நேரா வந்து, ‘தூங்கிட்டனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ரெண்டாவது பாட்டுல எனக்குச் சுதி வெலகிருச்சுங்க, நீங்க தூங்குனதே நல்லதுன்னேன். சிரிச்சாரு. எனக்குப் புடிச்சிருக்கும்மா.”

கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்து திரும்பியது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கொறட்டை உட்டானா கண்ணு?”

“உட்டாரு.”

“நொம்பச் சத்தமா?”

“தாளம் தப்பலம்மா.”

அடுத்த வளைவு முடிந்ததும் அம்மா கம்பியை விட்டார். பிறகு, “அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்,” என்றார்.